பேக்லிங்க் கேட்டு மின்னஞ்சல் அனுப்பும் முன் உங்கள் பக்கத்தில் முடிக்க வேண்டிய வேலைகள்

புதிதாகத் தளம் தொடங்கியவர் யாரிடம் ஆலோசனை கேட்டாலும் முதலில் வரும் பதில், "பேக்லிங்க் சேருங்கள்" என்பதுதான், அதாவது பிற தளங்களிலிருந்து உங்கள் பக்கத்துக்கு இணைப்பு வாங்குங்கள் என்று. அந்த இணைப்பு எந்தப் பக்கத்தில் வந்து இறங்கப் போகிறது, அந்தப் பக்கம் என்ன நிலையில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் மாடித் தோட்டம் பற்றிய ஒரு தமிழ்த் தளத்தை நடத்துகிறேன். பிற தளங்கள் இணைப்புக் கொடுத்தும் தேடலில் ஒன்றும் அசையாத காலம் ஒன்று இருந்தது. காரணம் தேடிப் போனால் கிட்டத்தட்ட எல்லாமே பக்கத்துக்குள்ளேயே இருந்தன. எதை முதலில் சரிசெய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசையும் முக்கியம் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். வேர்ட்பிரஸ், பிளாக்கர் இரண்டில் ஒன்றை வைத்திருப்பவர்களுக்கானது இது. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, டொமைன் (தளத்தின் பெயர் முகவரி) வாங்கிய கணக்கின் கடவுச்சொல். பல சிறு தளங்களில் டொமைன், தளத்தைச் செய்து கொடுத்தவரின் கணக்கில்தான் கிடக்கிறது. அப்படி இருந்தால் நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு இணைப்பும் அடுத்தவர் கைக்குள் இருக்கும் ஒரு சொத்தில் போய்ச் சேர்கிறது. வேறு எதைத் தொடுவதற்கு முன்னும் அதை உங்கள் பெயருக்கும் உங்கள் மின்னஞ்சலுக்கும் மாற்றி வாங்குங்கள்.

இரண்டாவது, தளத்தின் கோப்புகள் இருக்கும் ஹோஸ்டிங் கணக்கு. மூன்றாவது, உங்கள் தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் உரிமையாளர் நிலை. சொந்த டொமைன் வைத்திருப்பவர்கள் அதில் 'டொமைன்' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். டிஎன்எஸ் அமைப்பில் (டொமைனைச் சர்வரோடு இணைக்கும் பகுதி) டிஎக்ஸ்டி என்ற வகையில் ஒரு பதிவைச் சேர்த்தால் போதும். உங்கள் தளத்தின் எல்லா வடிவ முகவரிகளும் ஒரே இடத்தில் தெரியும். பிளாக்ஸ்பாட் முகவரியிலேயே இருப்பவர்களுக்கு இந்த வகை கிடைக்காது. அவர்கள் 'யுஆர்எல் முன்னொட்டு' வகையில் பதிவு செய்யலாம்.

நான்காவது, ஒரு எக்செல் தாள். பக்கத்தின் முகவரி, தலைப்பு, அதற்கு வெளியிலிருந்து வரும் இணைப்புகள், அதிலிருந்து நம் பிற பக்கங்களுக்குப் போகும் இணைப்புகள், கடைசியாகத் திருத்திய தேதி என ஐந்து நெடுவரிசைகள் போதும். இந்தத் தாள் இல்லாமல் தொடங்கினால் பாதியில் குழம்பிவிடும்.

1. முகவரியை முதலில் நிலைப்படுத்துங்கள்

தமிழில் எழுதுகிறவர்கள் அதிகம் அடிபடுவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேர்ட்பிரஸில் தலைப்பைத் தமிழில் எழுதினால் முகவரியும் தானாகத் தமிழில் அமையும். உலாவியில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதை நகலெடுத்து மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ ஒட்டும்போது ஒவ்வொரு எழுத்தும், ஒவ்வொரு துணைக்குறியும், புள்ளியும் சதவீதக் குறி கலந்த ஒன்பது குறிகளாக விரிந்துவிடும். 'மாடித்தோட்டம்' என்ற ஒரு சொல் மட்டுமே 117 குறிகள் நீளம் ஆகிறது. இணைப்புக் கொடுக்க முன்வருபவர் அதைப் பார்த்து ஏதோ வைரஸ் என்று பயப்படலாம்; அல்லது வரி மடங்கும் இடத்தில் முகவரி அறுந்துபோய், அறுந்த முகவரியே அவர் தளத்தில் ஏறிவிடலாம். இன்னொன்றும் உண்டு. வேர்ட்பிரஸ் தன் தரவுத்தளத்தில் முகவரியின் இந்தப் பகுதிக்கு 200 குறிகள்தான் ஒதுக்கியிருக்கிறது. நீளமான தமிழ்த் தலைப்பு என்றால் முகவரி நடுவிலேயே வெட்டுப்படும்.

பிளாக்கரில் பிரச்சினை வேறு மாதிரி. முழுக்கத் தமிழில் தலைப்பு வைத்தால் அது தலைப்பை விட்டுவிட்டு 'பிளாக்-போஸ்ட்' என்று பொதுவான ஒரு முகவரியைப் போட்டு, பின்னால் எண் சேர்த்துக்கொள்ளும். அதைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெளியிடும் முன்பே வலப்பக்கம் உள்ள 'பெர்மாலிங்க்' பெட்டியில் நீங்களே முகவரியை எழுதிவிடுங்கள். வெளியிட்ட பிறகு நேரடியாக மாற்ற முடியாது. மறுபடி வரைவுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

என் பரிந்துரை: முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில், மூன்று நான்கு சொற்களுக்குள், நடுவில் சிறு கோடிட்டு எழுதுங்கள். தமிழ் முகவரியைக் கூகுளால் படிக்க முடியும், தரவரிசைக்கு அது தடையில்லை. கையால் நகலெடுத்து ஒட்டும் மனிதர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். இணைப்பைக் கொடுப்பவர்கள் மனிதர்கள்தானே.

முகவரியில் ஆண்டு எண்ணைச் சேர்க்காதீர்கள். 'விதைப்புக் காலண்டர் 2024' என்று முகவரி வைத்தால் அடுத்த ஆண்டு புதுப் பக்கம் போட வேண்டிவரும், பழைய பக்கம் சேர்த்த இணைப்புகள் அங்கேயே தங்கிவிடும். ஆண்டு தலைப்பில் இருக்கட்டும், வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே இணைப்புகள் வாங்கிய பழைய பக்கத்தின் முகவரி அழகாக இல்லை என்பதற்காக மட்டும் அதை மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதியதற்குத் திருப்பிவிடும் ஏற்பாடு) கட்டாயம். வெளியிட்ட பதிவின் முகவரியை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழையதை நினைவில் வைத்துத் திருப்பிவிடும். ஆனால் பதிவையே நீக்கினாலோ, தளம் முழுவதற்குமான பெர்மாலிங்க் அமைப்பை மாற்றினாலோ அதை நம்ப முடியாது. 'ரீடைரெக்‌ஷன்' என்ற இலவச பிளகின் போட்டுக் கையால் எழுதிவிடுங்கள். பிளாக்கரில் அமைப்புகளுக்குள் 'பிழைகள் மற்றும் திசைதிருப்பல்கள்' பகுதியில் இதைச் செய்யலாம். ரீடைரக்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. என்னைக் கேட்டால் எடுக்கவே வேண்டாம், அதற்குச் செலவு எதுவும் இல்லை.

2. ஒரு பக்கத்துக்கு ஒரே முகவரி

எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்தது, சேர்க்காதது என உங்கள் முகப்புப் பக்கத்தை நான்கு விதமாகத் தட்டச்சு செய்து பாருங்கள். நான்கும் கடைசியில் ஒரே முகவரியில் போய் நிற்க வேண்டும். தனித்தனியாகத் திறந்தால், உங்களுக்கு வரும் இணைப்புகளும் நான்காகப் பிரியக்கூடும். ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பிரிவில் "எல்லாவற்றையும் ஒரே எச்டிடிபிஎஸ் முகவரிக்கு 301 செய்து கொடுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் அன்றே செய்துவிடுவார்கள்.

ஃபேஸ்புக்கிலிருந்து நகலெடுப்பவர்கள் முகவரியின் வாலில் ஒரு நீளமான குறியீட்டையும் சேர்த்தே ஒட்டுவார்கள். பிளாக்கரைக் கைபேசியில் பார்ப்பவர்கள் 'எம்=1' என்ற வாலோடு ஒட்டுவார்கள். அவர்களிடம் போய்த் திருத்தச் சொல்ல முடியாது. பக்கத்தின் நிரலின் தலைப்பகுதியில் 'கனானிக்கல்' குறி (இதுதான் மூல முகவரி என்று சொல்வது) சரியான முகவரியைச் சுட்டினால், இந்த வால்களைப் புறக்கணித்துக் கூகுள் பெரும்பாலும் ஒரே பக்கமாகச் சேர்த்துக்கொள்ளும். வேர்ட்பிரஸில் பதிவுகளுக்கு இது தானாகவே வரும். இருக்கிறதா என்று பார்க்க, சர்ச் கன்சோலின் மேல்பெட்டியில் முகவரியை ஒட்டி 'யுஆர்எல் ஆய்வு' செய்யுங்கள். நீங்கள் சொன்ன கனானிக்கல், கூகுள் தேர்ந்தெடுத்த கனானிக்கல் இரண்டையும் காட்டும். இரண்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கத்துக்கு இப்போதைக்கு இணைப்புக் கேட்காதீர்கள். முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

3. கூகுளால் பக்கத்தைப் படிக்க முடிகிறதா?

வேர்ட்பிரஸின் அமைப்புகளில் 'ரீடிங்' பகுதியில், தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் ஒரு பெட்டி இருக்கிறது. தளம் கட்டும் காலத்தில் அதில் டிக் போட்டுவிட்டு எடுக்க மறந்த தளங்கள் ஏராளம். இன்றே பாருங்கள்.

எந்தப் பக்கத்துக்கு வரலாம், எதற்கு வரக் கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் ஒரு பக்கத்தைத் தடுத்துவிட்டு அதற்கு இணைப்பு வாங்கினால் விசித்திரமான விளைவு வரும். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் வெறும் முகவரியை மட்டும் கூகுள் பட்டியலில் காட்டலாம். தேடலில் வரவே கூடாத பக்கத்துக்கு 'நோஇன்டெக்ஸ்' (பட்டியலில் சேர்க்காதே என்ற குறி) போடுங்கள், ரோபாட்ஸ் கோப்பில் அதைத் தடுக்காமல் விடுங்கள். தடுத்துவிட்டால் அந்த 'நோஇன்டெக்ஸ்' குறியையும் கூகுளால் படிக்க முடியாது.

தமிழ்த் தளங்களில் வரும் இன்னொரு தொல்லை, பாமினி போன்ற பழைய எழுத்துருக் குறியீட்டில் தட்டச்சு செய்த பக்கங்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது, கூகுளுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டம். பழைய கட்டுரைகளை எடுத்துப் போடும்போது யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் கிடைக்கின்றன. அதேபோல, அட்டவணையைப் படமாக்கிப் போடும் பழக்கத்தையும் விட வேண்டும்.

4. இணைப்புக் கொடுக்கத் தகுந்த ஒரு பக்கத்தை உருவாக்குங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். முகப்புப் பக்கத்துக்கும் விற்பனைப் பக்கத்துக்கும் யாரும் மனமுவந்து இணைப்புக் கொடுப்பதில்லை. தன் வாசகருக்கு ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டிய தேவை வரும்போதுதான் கொடுக்கிறார்கள். அந்தத் தேவையைத் தீர்க்கும் ஒரே ஒரு பக்கத்தை முதலில் செய்யுங்கள்.

என் தளத்தில் அது மாதவாரி விதைப்புக் காலண்டர். ஆடிப்பட்டத்தில் என்ன போடலாம், தைப்பட்டத்தில் என்ன போடலாம், எதை நாற்றுவிட்டு நட வேண்டும், எதை நேரடியாக ஊன்ற வேண்டும் என்று அட்டவணையாக இருக்கும். கத்தரி, தக்காளி, மிளகாய் ஒரு பக்கம். வெண்டை, அவரை, கொத்தவரை மறுபக்கம். பள்ளிச் சூழல் மன்றங்கள், விதைப் பரிமாற்றக் குழுக்கள், தோட்டம் பற்றி எழுதும் மற்றவர்கள் எல்லோருக்கும் ஒவ்வோர் ஆண்டும் தேவைப்படும் தகவல் இது. உங்கள் துறையிலும் இப்படி ஒன்று இருக்கும். தையல் என்றால் அளவு அட்டவணை, சமையல் என்றால் படி அளவுக்கும் கிராமுக்கும் உள்ள கணக்கு, கணக்காளர் என்றால் தாக்கல் செய்ய வேண்டிய தேதிகள்.

அப்படிப்பட்ட பக்கத்தில் கவனிக்க வேண்டியவை சில. விடை மேலேயே இருக்க வேண்டும். நாலு பத்தி முன்னுரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கக் கூடாது. ஒவ்வோர் உட்தலைப்புக்கும் தனிச் சுட்டு இருந்தால், இணைப்புக் கொடுப்பவர் நேராகத் 'தைப்பட்டம்' பகுதிக்கே வாசகரை அனுப்பலாம். அந்தச் சுட்டைக் கூகுள் தனிப் பக்கமாக எண்ணாது, பலன் முழுப் பக்கத்துக்கும் சேரும். தகவலை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சொல்லி அங்கே இணைப்புக் கொடுங்கள். நான் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பக்கங்களைச் சுட்டுகிறேன். வெளியே இணைப்புக் கொடுத்தால் நம் பலம் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அதைக் கேட்காதீர்கள். ஆதாரம் காட்டும் பக்கத்தைத்தான் ஓர் ஆசிரியரோ அலுவலரோ நம்பிப் பகிர்வார்.

எழுதியவர் யார், தொடர்புகொள்வது எப்படி என்ற பக்கங்கள் இல்லாத தளத்துக்கு நிறுவனங்கள் இணைப்புத் தரத் தயங்கும். அவற்றையும் எழுதிவிடுங்கள். உங்கள் சொந்தப் படங்களைப் பயன்படுத்துங்கள்.

காலண்டரைப் பிடிஎஃப் ஆக மட்டும் போடாதீர்கள். கோப்பு வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றும், ஓர் இணைப்புகூட வராது. பக்கம் தனியாக இருக்கட்டும், அச்சிட விரும்புகிறவர்களுக்குப் பிடிஎஃப் அதற்குள் இருக்கட்டும், பிடிஎஃப்பின் அடியில் பக்கத்தின் முகவரி இருக்கட்டும்.

5. தலைப்பை யோசித்து வையுங்கள், அதுவே ஆங்கர் ஆகும்

ஆங்கர் டெக்ஸ்ட் என்பது இணைப்பின் மேல் தெரியும் சொற்கள். பக்கம் எதைப் பற்றியது என்று கூகுள் புரிந்துகொள்ள அதுவும் ஓர் அடையாளம். ஆனால் அடுத்தவரிடம் "இந்தச் சொல்லைப் போட்டு இணைப்புக் கொடுங்கள்" என்று கேட்பது செயற்கையாகப் போய்விடும். எல்லாரும் ஒரே சொல்லைப் போட்டால் சந்தேகமும் வரும். அவர்கள் பெரும்பாலும் உங்கள் தலைப்பைத்தான் நகலெடுக்கிறார்கள். அதனால் தலைப்பு தெளிவாக இருந்தால் ஆங்கரும் தெளிவாக வரும். 'வாங்க பேசலாம்' என்று தலைப்பு வைத்தால் வரும் இணைப்புகளும் 'வாங்க பேசலாம்' என்றுதான் இருக்கும்.

மக்கள் 'மாடி தோட்டம்' என்று ஒற்று இல்லாமலும் தேடுகிறார்கள், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியும் தேடுகிறார்கள். சர்ச் கன்சோலின் 'செயல்திறன்' அறிக்கையில் 16 மாதத் தேடல் சொற்களைப் பார்க்கலாம். அதில் எது அதிகம் வருகிறதோ அதைத் தலைப்பிலும் முதல் பத்தியிலும் இயல்பாக வைத்தால் போதும். எல்லா வடிவங்களையும் அடுக்கிக் கட்டுரையைக் கெடுக்க வேண்டாம்.

பக்கத்தின் நிரலுக்குள் மறைந்திருக்கும் சொற்பட்டியலான 'மெட்டா கீவேர்ட்ஸ்' நிரப்பித் தருவதாகச் சொல்லிக் காசு கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று 2009லேயே கூகுள் அறிவித்துவிட்டது. தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரக்கூடிய சுருக்கமான மெட்டா டிஸ்கிரிப்ஷனும் தரவரிசையை மாற்றாது, ஆனால் அதைப் படித்துத்தான் பலர் உள்ளே வருகிறார்கள். இரண்டு வரியில் நேர்மையாக எழுதுங்கள்.

6. வந்த பலனை உள்ளே பகிர்ந்து கொடுங்கள்

காலண்டர் பக்கத்துக்கு இணைப்புகள் வருகின்றன. ஆனால் உங்களுக்குத் தேடலில் வர வேண்டியது விதை விற்கும் பக்கம். நடுவில் பாலம் போடுவது உள் இணைப்பு. காலண்டரில் வெண்டை என்று வரும் இடத்திலேயே வெண்டை வளர்ப்புக் கட்டுரைக்கு இணைப்பு, அந்தக் கட்டுரையிலிருந்து விதைப் பக்கத்துக்கு இணைப்பு. வாசகர் இயல்பாகப் போகும் வழியிலேயே வையுங்கள். 'இங்கே கிளிக் செய்யவும்' என்று எழுதாமல் எதற்குப் போகிறோம் என்பதையே இணைப்பாக்குங்கள்.

ஸ்க்ரீமிங் ஃபிராக் என்ற மென்பொருள் 500 முகவரிகள் வரை இலவசமாகத் தளத்தை அலசித் தரும். அது தரும் பட்டியலைச் சைட்மேப்போடு (தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் கோப்பு) ஒப்பிட்டால், சைட்மேப்பில் இருந்தும் எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பில்லாத அனாதைப் பக்கங்களைக் கண்டுபிடிக்கலாம். மெனு, பட்டன் போன்றவை ஜாவாஸ்கிரிப்டால் மட்டும் இயங்கினால் கூகுள் அவற்றைப் பின்தொடரும் என்று நம்ப முடியாது. சாதாரண இணைப்புக் குறியில் முகவரி இருக்க வேண்டும்.

7. வேகம்

இதில் நாள்களைச் செலவிடத் தேவையில்லை. கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவியில் முகவரியைப் போடுங்கள். முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும், தட்டியதற்குப் பதில் 200 மில்லி வினாடிக்குள் வர வேண்டும், பக்கம் திறக்கும்போது எழுத்தும் படமும் இடம் நகர்வதைச் சொல்லும் அளவு 0.1க்குள் இருக்க வேண்டும். சிறு தளங்களில் பெரும்பாலும் சிக்கல், கைபேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றுவதுதான். படத்தைச் சுருக்கி வெப்பி வடிவில் போட்டாலே பாதி சரியாகும். நூறு மதிப்பெண் வாங்க வேண்டும் என்று துரத்த வேண்டாம்.

8. ஏற்கெனவே வந்து வீணாகும் இணைப்புகளை மீட்டெடுங்கள்

புது இணைப்புக் கேட்கும் முன் செய்ய வேண்டிய கடைசி வேலை இது, பலன் சீக்கிரம் தெரிவதும் இதில்தான். சர்ச் கன்சோலின் 'பக்கங்கள்' அறிக்கையில் 404 (பக்கம் இல்லை) பட்டியலை எடுங்கள். சொந்தத் தளத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் அஹ்ரெஃப்ஸ் வெப்மாஸ்டர் டூல்ஸில் பேக்லிங்க் பட்டியலையும் எடுங்கள். இரண்டிலும் வரும் முகவரி, யாரோ இணைப்புக் கொடுத்தும் பக்கம் இல்லாமல் திரும்பிப் போகும் இடம். அதே பொருளில் உள்ள பக்கத்துக்கு 301 போடுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது பலருடைய வழக்கம். அதனால் பயன் இல்லை. அதைக் கூகுள் இல்லாத பக்கமாகவே கருதலாம்.

உங்கள் படத்தைச் சொல்லாமல் எடுத்துப் போட்டவர்களையும் கூகுள் லென்ஸில் தேடுங்கள். சண்டை வேண்டாம். "படம் இருக்கட்டும், கீழே எங்கள் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள்" என்று பணிவாகக் கேட்டால் பலர் கொடுப்பார்கள்.

9. இப்போது மின்னஞ்சல்

அவர்களுடைய எந்தப் பக்கம், அதில் எந்த இடத்தில் உங்கள் பக்கம் உதவும், உங்கள் முகவரி. இந்த மூன்றும் ஐந்தாறு வரிக்குள் இருந்தால் போதும். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பாதீர்கள்.

பணம் கேட்டால்? விளம்பரமாக வாங்கலாம், ஆனால் அந்த இணைப்பில், தரவரிசைக்கு இதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் 'ஸ்பான்சர்டு' அல்லது 'நோஃபாலோ' குறி இருக்க வேண்டும். தரவரிசைக்காக இணைப்பை விற்பதும் வாங்குவதும் கூகுளின் விதிகளுக்கு எதிரானது. "நீ எனக்கு, நான் உனக்கு" என்று கணக்கின்றி மாற்றிக்கொள்வதும் அப்படியே. சில ஆயிரம் ரூபாய்க்கு ஆயிரம் பேக்லிங்க் என்று வரும் செய்திகளைத் திறக்காமலே அழித்துவிடுங்கள். 'டொமைன் அத்தாரிட்டி' என்ற எண்ணைக் காட்டி விலை பேசுவார்கள். அது மோஸ் என்ற நிறுவனத்தின் கணக்கு, கூகுளுடையது அல்ல.

செலவும் காலமும்

மேலே சொன்ன கருவிகள் எல்லாமே சிறு தளத்துக்கு இலவசம். எச்டிடிபிஎஸ்-க்குத் தேவையான எஸ்எஸ்எல் சான்றிதழும் லெட்ஸ் என்கிரிப்ட் மூலம் இலவசம். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். நிச்சயச் செலவு டொமைனும் ஹோஸ்டிங்கும்தான். முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்த்து வாங்காமல் புதுப்பிப்பு விலையைப் பார்த்து வாங்குங்கள்.

சில திருத்தங்களின் பலன் சில மணி நேரத்திலேயே தெரியும், வேறு சிலவற்றுக்குப் பல மாதம் ஆகும் என்று கூகுளே சொல்கிறது. ஒரு மாற்றம் செய்தால் சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள், இல்லாவிட்டால் எது பலித்தது என்று தெரியாது. பருவத்தோடு தொடர்புள்ள பக்கம் என்றால் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். ஆடிப்பட்டத்துக்கு வாசகர் ஜூலை நடுவில் தேடத் தொடங்குவார் என்றால் பக்கம் ஏப்ரலிலேயே தயாராக இருக்க வேண்டும், மின்னஞ்சல்கள் மே மாதத்தில் போக வேண்டும். பள்ளிகளுக்கு எழுதுவதென்றால் ஜூனில் பள்ளி திறந்த பிறகு எழுதுங்கள். கோடை விடுமுறையில் பார்க்க ஆள் இருக்காது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டாவது படியை மட்டும் மறுபடி செய்யுங்கள். டொமைனைத் தானாகப் புதுப்பிக்கும் அமைப்பில் போட்டு, இணைத்த வங்கி அட்டை காலாவதியாகும் மாதத்தை அந்த எக்செல் தாளிலேயே குறித்து வையுங்கள். டாட் காம் பெயர் காலாவதியாகி நீக்கப்பட்ட பிறகும் மீட்டெடுக்க 30 நாள் உண்டு. ஆனால் அந்த நாள்களில் மீட்கப் புதுப்பிப்புக் கட்டணத்துக்கு மேல் அபராதம் போலத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். அதையும் தவறவிட்டால் வேறு யாரும் வாங்கிக்கொள்ளலாம். உங்களுக்காகக் கொடுக்கப்பட்ட இணைப்புகள் எல்லாம் அவர் பக்கத்தைச் சுட்டும்.